பகலிலும் எரியட்டும்

மோட்டார் வாகனத்தின் முகப்பு விளக்கு யாருடைய கண்ணுக்காக எரிகிறது என்று கேட்டால், ஓட்டுகிறவருடைய கண்ணுக்காகத்தான் என்று நம்மில் பெரும்பாலோர் யோசியாமலே விடை சொல்லிவிடுவோம். அந்த விடையை அப்படியே ஒப்புக்கொண்டால், வெயில் சுள்ளென்று அடிக்கும் உச்சிவேளையில் விளக்கைப் போட்டுக்கொண்டு போகிறவரை மறதிக்காரர் என்றோ விவேகமில்லாதவர் என்றோ கருதுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அந்த விடை பாதி உண்மைதான். விளக்கு வழியையும் காட்டுகிறது, வண்டியையும் காட்டுகிறது. வழியைக் காட்டும் வேலை சூரியோதயத்தோடு முடிந்துவிடுகிறது. வண்டியைப் பிறருக்குக் காட்டும் வேலை முடிவதே இல்லை. எதிரே வருகிறவருக்கும், சாலையைக் கடக்க ஓரத்தில் நிற்கிறவருக்கும், சந்திலிருந்து வெளியே வரத் தலையை நீட்டுகிறவருக்கும் ‘இதோ நான் வருகிறேன்’ என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்வதற்கு, ஹாரன் ஒலியைவிட அமைதியானதும் நம்பத்தக்கதுமான சாதனம் விளக்கு ஒன்றுதான். பகலில் கார்கள் விளக்கேற்றிக்கொண்டு ஓட வேண்டுமா என்ற விவாதத்தில், ஆகவே, நான் வேண்டும் என்னும் கட்சியைச் சேர்ந்தவன். எந்த விளக்கு, எவ்வளவு பிரகாசம், எந்த எல்லை வரை என்பதில்தான் என் அபிப்பிராயம் இன்றுள்ள சட்டங்களோடு மாறுபடுகிறது.

அந்த மாறுபாட்டைச் சொல்வதற்குப் பலெர்மோ நகரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சிசிலித் தீவின் தலைநகரான அப்பட்டணத்தில், யாழ்ப்பாணத்திலிருந்தும் ஈழத்தின் பிற ஊர்களிலிருந்தும் சென்று குடியேறிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டு வேலைக்கும் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குமாகக் காலையில் புறப்படுகிறவர்கள். சிலர் பஸ்ஸிலும், சிலர் ‘மோட்டோரினோ’ என்று அவ்வூர் வழக்கப்படி அவர்களும் சொல்லும் சிறு ஸ்கூட்டரிலும், மிகப் பலர் கால்நடையாகவும் போகிறவர்கள். சாலையில் காரின் உள்ளே இருப்பவரைவிட வெளியே இருப்பவருக்குத்தான் இந்த விஷயத்தில் அக்கறை அதிகம் இருக்க வேண்டும் என்பதால், நம்மவர்களை முன்னிட்டு அந்த நகரத்துச் சாலைகளைப் பார்ப்பது நியாயமே.

இத்தாலி நாட்டின் போக்குவரத்துச் சட்டம் 1992இல் இயற்றப்பட்டது. அதன் 152ஆம் பிரிவை 2002இல் திருத்தி, நெடுஞ்சாலைகளிலும் ஊருக்கு வெளியே உள்ள பிரதான சாலைகளிலும் எல்லா மோட்டார் வாகனங்களும் பகலிலும் விளக்குடன் செல்ல வேண்டும் என்றார்கள். அடுத்த வருஷமே, அதாவது 2003இல், ஊர் எல்லைக்கு வெளியே உள்ள சாலைகள் அனைத்துக்கும் அதை விஸ்தரித்தார்கள். இரு சக்கர வண்டிகளுக்கோ ஊருக்குள்ளும் அது கட்டாயம். மீறினால் 42 யூரோவிலிருந்து அபராதம் தொடங்குகிறது. அதே 2003இல் அமலுக்கு வந்த இருபது புள்ளி ஓட்டுநர் உரிமத்திலிருந்து ஒரு புள்ளியும் கழிந்துவிடும். ஆக, காரோட்டி ஊரைத் தாண்டினால் விளக்கேற்ற வேண்டும், ஊருக்குள் வந்தால் அவர் விருப்பம். ஸ்கூட்டரோட்டிக்கு எங்குமே விருப்பம் கிடையாது.

ஊர் எல்லை என்பது அங்கே ஒரு பலகை. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப் பெயர் எழுதி நட்டிருப்பார்கள். அதைத் தாண்டியதும் சட்டத்தின் கண் மூடிக்கொள்கிறது. கத்தானியாவிலிருந்தோ மெஸ்ஸினாவிலிருந்தோ வரும் கார் வில்லபாத்தே என்னும் ஊருக்கு அருகே நெடுஞ்சாலையை விட்டு நகருக்குள் நுழைகிறது. அங்கிருந்து, விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் ஏ29 நெடுஞ்சாலை தொடங்கும் இடம் வரையில், பலெர்மோவை நீளவாக்கில் பிளந்துகொண்டு போவது வியாலே ரெஜோனே சிசிலியானா என்ற அகன்ற சாலை. பெயரளவில்தான் அது நகர வீதி. நடுத் தடங்களில் வண்டிகள் பறக்கிற வேகத்தைப் பார்த்தால், நெடுஞ்சாலையே நகருக்குள்ளும் தொடர்ந்து வருவதாகத்தான் தோன்றும். இருமருங்கிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஓரத் தடங்களில் கடைகள், பெட்ரோல் பங்குகள், பஸ் நிறுத்தங்கள். கையில் பையோடு, இடைவெளி கிடைக்குமா என்று வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதர்கள். கால்நடையாக ஒருவர்கூடக் காலெடுத்து வைக்கக்கூடாத நெடுஞ்சாலையில் விளக்கைக் கட்டாயமாக்கிவிட்டு, நடக்கிறவர் நிறைந்த இந்தச் சாலையில் அதை இஷ்டத்துக்கு விட்டிருக்கும் விசித்திரத்தை அந்த நாட்டுச் சட்டசபை இருபது வருஷங்களுக்கு மேலாகச் சகித்துக்கொண்டிருக்கிறது. ஊருக்குள் வேகம் குறைவு, ஆகையால் ஆபத்தும் குறைவு என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பதே விநாடிக்குப் பதினான்கு மீட்டர் ஆகிறது என்பதையும், மனிதன் ஒரு பொருளைக் கண்டு, அது இன்னதென்று அறிந்து, காலைப் பிரேக்குக்கு எடுத்துச் செல்வதற்குள் ஒரு விநாடிக்கு மேல் கழிந்துவிடும் என்பதையும் நினைத்துப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது.

வெயில் மிகுந்த தேசத்தில் விளக்கு எதற்கு என்பது இன்னொரு வாதம். இதைச் சொல்கிறவர்கள் வெயிலைப் பார்த்தார்களே தவிர, வெயில் விழுத்துகிற நிழலைப் பார்க்கவில்லை. ஜூலை மாதத்து நடுப்பகலில் பலெர்மோவின் மாக்குவெதா வீதியிலிருந்து பல்லாரோ சந்தையின் பக்கம் திரும்புகிற ஒரு சந்தின் முனையில் சற்று நின்று பாருங்கள். வீதியில் கல் பாவிய தரை கண்ணைக் கூசச் செய்கிறது. இரண்டடி தள்ளிச் சந்துக்குள்ளோ, உயர்ந்த பழைய வீடுகளும் மாடிக்கு மாடி தொங்கும் துணிகளும் சேர்ந்து வெயிலை வழிமறித்துவிட, நிழல் கருகருவென்று கிடக்கிறது. அந்த நிழலுக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிறக் கார் மெல்ல வருகிறது. வெயிலில் சுருங்கிப் போன கண்மணிக்கு அது கார் என்று புலப்படுவதற்கு முன்னே அதன் மூக்கு வீதிக்கு வந்துவிடுகிறது. அதன் பின்னாலேயே காய்கறி ஏற்றிய ‘லாப்பா’ ஒன்று வருகிறது. பியாஜ்ஜோ கம்பெனியார் 1948 முதல் செய்துவரும் ‘ஆப்பே’ என்னும் மூன்று சக்கர வண்டிக்குச் சிசிலிக்காரர் வைத்த பெயர் அது. நம் ஊர் ஆட்டோ ரிக்‌ஷாவுக்கு மூதாதை. அதன் ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருந்தால், முன்னே போன காரைவிடச் சிறியதாயினும் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. வெயில் ஏற ஏற நிழலுக்கும் ஒளிக்கும் உள்ள பேதம் ஏறுகிறது. மங்கலான வடதேசத்து வானத்தின் கீழ் இந்தப் பேதம் இவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை.

நகருக்கு வடக்கே நிற்கும் பெல்லெக்ரினோ மலைச் சாலையிலும் இதே கதைதான். அந்த மலையின் குகையில்தான் பலெர்மோவின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் ஆலயம் இருக்கிறது. 1624இல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடியபோது அங்கே கண்டெடுக்கப்பட்ட அவளுடைய அஸ்தியை ஊர்வலமாகக் கொண்டுவந்த பின் நோய் அகன்றது என்பது அந்நகரத்தாரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நம்மவர்களும் சுவீகரித்துக்கொண்டார்கள். கத்தோலிக்கத் தமிழர், சைவத் தமிழர் என்ற வித்தியாசமின்றி ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக மலையேறி அவளைக் கும்பிட்டு வருகிறார்கள். புடவை உடுத்த மூதாட்டிகளையும் தோளில் குழந்தையைச் சுமந்த தகப்பன்மாரையும் அங்கே காண்பது சகஜம். பழைய கற்பாதை, வளைந்து வளைந்து ஏறும் கார்ச் சாலையைப் பல இடங்களில் தொட்டுச் செல்கிறது. சாலையின் மேல் பைன் மரங்களின் நிழல் பட்டை பட்டையாக விழுந்திருக்கும். அந்தப் பட்டைகளின் ஊடே இறங்கி வரும் கார், வெயில் பட்ட இடத்தில் தோன்றி, நிழல் பட்ட இடத்தில் மறைந்து, மறுபடி தோன்றும்போது நடக்கிறவருக்கு மிக அருகில் வந்துவிட்டிருக்கும். விளக்கெரியும் காரோ நிழலிலும் மறைவதில்லை, எவ்வளவு தூரத்தில் வருகிறது, எவ்வளவு விரைவாக நெருங்குகிறது என்பதை இரண்டு ஒளிப்புள்ளிகள் இடைவிடாமல் சொல்லிக்கொண்டே வருகின்றன. தாயின் கையை விட்டு ஓடுகிற பிள்ளையைத் தாய் எட்டிப் பிடிப்பதற்கு, அதனால் கிடைக்கும் இரண்டு மூன்று விநாடிகள் போதும்.

இந்த ஏற்பாடு தோன்றிய இடம் வடதேசம் என்பதை மறுப்பதற்கில்லை. பின்லாந்து 1972இல் குளிர்காலத்துக்கு மட்டும் ஊர்ப்புறச் சாலைகளில் இதை விதித்தது. ஸ்வீடன் 1977இல் ஆண்டு முழுவதற்கும் எல்லாச் சாலைகளுக்கும் விதித்தது. பிறகு நார்வே, டென்மார்க் எனப் பரவியது. கனடா 1989 டிசம்பர் முதல் தயாராகும் புதிய வண்டிகளிலேயே பகல் விளக்கைப் பொருத்தச் செய்தது. நார்வே ஆராய்ச்சியாளர் ரூனே எல்விக் 1996இல் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் ஒருங்கு திரட்டிப் பார்த்து, பகலில் விளக்கெரியும் காருக்குப் பிறரோடு மோதும் பகல்நேர விபத்துக்கள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை குறைகின்றன என்றும், ஒரு தேசம் முழுவதும் கட்டாயமாக்கினால் குறைவு மூன்று முதல் பன்னிரண்டு சதவீதம் வரை இருக்கலாம் என்றும் முடிவு கண்டார். பூமத்திய ரேகையை விட்டு வடக்கே போகப் போகப் பலன் அதிகம் என்று நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 1997இல் வாதித்தார்கள். என் கட்சிக்கு அனுகூலமில்லாத சான்று என்பதற்காக அதை நான் மறைக்கப் போவதில்லை. ஸ்டாக்ஹோமில் கிடைக்கும் பலன் பலெர்மோவில் பாதிதான் கிடைக்கும், சென்னையில் அதிலும் குறையும் என்றே வைத்துக்கொள்வோம். நூறு மோதல்களில் மூன்றுதான் குறையும் என்றாலும், அந்த மூன்றில் அகப்பட்டவர்களின் வீட்டாரிடம் போய் இது அற்பமான பலன் என்று சொல்லத் துணிகிறவர் யார்? அதிலும், இதற்காக மனிதர் ஒருவர் படவேண்டிய சிரமம் என்று ஏதேனும் உண்டா? தலைக்கவசம் கனக்கிறது, இருக்கைப் பட்டை இறுக்குகிறது, விளக்கு எரிவதால் ஓட்டுகிறவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

ஊர்ப்புறச் சாலையில் இதன் உபயோகத்தை அறிய வேண்டுமானால் பலெர்மோவிலிருந்து தெற்கே அக்ரிஜென்ட்டோவை நோக்கிப் போகும் 121ஆம் எண் சாலையில் போய்ப் பார்க்க வேண்டும். குன்றுகளினூடே, திசைக்கு ஒரு தடமாக நெளியும் சாலை அது. முன்னால் ஊர்ந்து செல்லும் லாரியைத் தாண்டுவதற்காக எதிர்த்தடத்தில் ஏறுகிறவர், எதிரே வரும் வண்டியைச் சரியான நேரத்தில் கண்டுகொள்வதைப் பொறுத்தே இரண்டு குடும்பங்களின் க்ஷேமம் இருக்கிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு கார்கள் விநாடிக்கு ஐம்பது மீட்டர் நெருங்கிவிடுகின்றன. கோதுமை அறுத்த வயல்களின் மஞ்சளோடு மஞ்சளாக, சாலையிலிருந்து எழும் கானல் அலையில் கலங்கித் தெரிகிற வெளிர்நிறக் காரை, அதன் விளக்கு எரிந்தால் ஒரு விநாடி முன்னதாகக் கண்டுகொள்ளலாம் என்றால், அது ஐம்பது மீட்டர்த் தூரத்துக்குச் சமானம்.

இனி, மனச்சாட்சியுள்ள எவரும் அலட்சியம் செய்ய முடியாத ஆட்சேபத்துக்கு வருவோம். மோட்டார் சைக்கிளோட்டிகள் இதை ஆரம்பமுதலே சந்தேகத்தோடு பார்த்துவந்திருக்கிறார்கள். பகலில் விளக்கெரிவது தங்களுக்கு மட்டுமே உரிய அடையாளமாக இருந்தவரையில், தூரத்தில் ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டதும் ‘இரு சக்கர வண்டி வருகிறது’ என்று காரோட்டி எச்சரிக்கை அடைந்தார். எல்லாக் கார்களும் விளக்கேற்றிக்கொண்டால், ஒளிவெள்ளத்தில் தங்கள் ஒற்றை விளக்கு காணாமற்போகும் என்பது அவர்கள் அச்சம். விளக்கே இல்லாத நடையாளும் சைக்கிள்காரரும் அதைவிட மோசமான கதிக்கு ஆளாவார்கள் என்றும், ஒளி வீசும் பொருள்களையே தேடிப் பழகிய கண் ஒளியற்ற மனிதரைத் தாண்டிச் சென்றுவிடும் என்றும் சொல்கிறார்கள். ஆஸ்திரியா தேசம் 2005 நவம்பரில் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி, ஏறத்தாழ இரண்டே வருஷங்களில், 2008 ஜனவரி முதல் தேதி அதை ரத்துச் செய்ததற்கு இந்தக் கவலையும் எரிபொருள் விரயமுமே முக்கியமான காரணங்களாகக் கூறப்பட்டன. பலவீனர்களின் பெயரால் எழுப்பப்படும் இந்த ஆட்சேபத்தை, பலவீனர்களுக்காகவே வாதாடுகிற நான் தள்ளிவிட முடியுமா?

அதற்கு நான் கொடுக்கும் பதில் இதுதான். ஆஸ்திரியாவிலும், தொடக்கத்தில் இத்தாலியிலும், பகலில் எரிந்தது இரவுக்கென்று அமைந்த விளக்கு. ‘டிம்’மில் போட்டாலும் ஒவ்வொன்றும் 55 வாட் இழுக்கிற, சாலையில் ஒளியைக் கொட்டுவதற்காகச் செய்யப்பட்ட விளக்கைப் பகலில் அடையாளத்துக்காக எரிப்பது அதிகப்படியான காரியமே, பக்கத்தில் வரும் ஸ்கூட்டரின் விளக்கை அது அமுக்கிவிடும் என்பதும் மெய்யே. ஆனால் பகலுக்கென்று தனியாக ஒரு விளக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய யூனியன் 2011 பிப்ரவரி 7 முதல் புதிதாக அங்கீகாரம் பெறும் கார் மாதிரிகளுக்கும், 2012 ஆகஸ்டு முதல் லாரி, பஸ் மாதிரிகளுக்கும் கட்டாயமாக்கிய பகல் விளக்கு, நானூறு முதல் ஆயிரத்து இருநூறு கேண்டெலா என்ற அளவுக்குள் மட்டுமே ஒளிர வேண்டும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் தானே எரிய வேண்டும். முகப்பு விளக்கைப் போட்டதும் தானே விலகிக்கொள்ள வேண்டும். எல்.இ.டி.யில் செய்தால் அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் பழைய விளக்குகள் இழுத்ததில் ஒரு சிறு பங்கே. அது சாலையை வெளிச்சமாக்குவதில்லை, கண்ணைக் கூசச் செய்வதில்லை; வண்டி இருக்கிறது என்பதை மட்டும் தெரிவிக்கிறது. இத்தாலியச் சட்டமும், இத்தகைய விளக்குள்ள வண்டி பகலில் டிம் விளக்குக்குப் பதில் இதையே பயன்படுத்தலாம் என்று அனுமதித்துவிட்டது. (பலெர்மோவுக்குக் கிழக்கே தெர்மினி இமெரெசேயில் 1970 முதல் கார் செய்துவந்த ஃபியட் தொழிற்சாலை, பகல் விளக்குச் சட்டம் வந்த அதே 2011ஆம் வருஷக் கடைசியில் மூடப்பட்டது. அந்தத் தீவில் செய்த கார்கள் இந்த விளக்கோடு பிறக்கும் யோகம் பெறவில்லை. அவற்றில் பல இன்றும் பலெர்மோ வீதிகளில் விளக்கில்லாமலேதான் ஓடுகின்றன.)

நடையாளின் கதி என்ன என்ற கேள்வி அப்போதும் மிஞ்சுகிறது. ஆனால் சாலையைக் கடக்கும் நடையாள், காரோட்டி தன்னைக் காணட்டும் என்று மட்டும் காத்திருப்பவர் அல்லர். அவரும் காரைக் காண்கிறவர். கார் தெரிந்தால் அவர் கால் ஓரத்திலேயே நின்றுவிடும். முதியவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் இந்த உபகாரம் பெரிது. ஓட்டுகிறவருடைய கவனத்தை மட்டுமே நம்பி வீதியில் இறங்க வேண்டிய நிலையைவிட, தம் கண்ணையும் நம்பி இறங்குகிற நிலை நடையாளுக்கு மேலானது. மோட்டார் சைக்கிளோட்டியின் விஷயத்தில், காரின் பகல் விளக்கை அளவுக்குள் கட்டிவைப்பதே பரிகாரம். பகலில் ‘பிரைட்’ போட்டு வருகிறவரையும், கடையில் வாங்கிய கண்ணைப் பறிக்கும் விளக்கைக் கூடுதலாக மாட்டிக்கொண்டு வருகிறவரையும் போலீஸார் தாட்சணியமின்றித் தண்டித்தால் ஸ்கூட்டரின் ஒற்றை விளக்கு தன் இடத்தை இழக்காது.

பகல் விளக்கிலும் ஒரு குறை இருக்கிறது. அது சின்னக் குறையன்று. செஃபலூவைத் தாண்டி மெஸ்ஸினாவுக்குப் போகும் ஏ20 நெடுஞ்சாலை, மலைகள் கடலோரம் வரை வந்து நிற்பதால், சுரங்கத்துக்குள் நுழைவதும் வெளிவருவதுமாகவே நெடுந்தூரம் செல்கிறது. அந்தச் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதே 2004இல்தான். கண்ணைக் குத்தும் கடல் வெளிச்சத்திலிருந்து சுரங்கத்தின் மஞ்சள் இருட்டுக்குள் புகும் அந்த முதல் சில விநாடிகளில், முன்னே போகிற காரின் பின்புறத்தைக் கண் தேடுகிறது. அந்தக் காரில் பகல் விளக்கு எரிகிறது. ஓட்டுகிறவர் தம் எதிரே சுவரில் வெளிச்சம் விழுவதையும் டேஷ்போர்டு ஒளிர்வதையும் பார்த்து, தம் விளக்குகளெல்லாம் எரிகின்றன என்று நிம்மதியாக இருக்கிறார். பகல் விளக்கோ முன்புறத்துக்கு மட்டும் உரியது. அவருடைய வண்டியில் பின் விளக்கு இருண்டு கிடக்கிறது. சுரங்கத்துக்குள் டிம் விளக்கைப் போட வேண்டும் என்று சட்டத்தின் அடுத்த பிரிவு சொல்லத்தான் செய்கிறது. தம் வண்டியில் ஏற்கெனவே விளக்கெரிகிறது என்று நம்புகிறவருக்கு அந்தச் சட்டம் எப்படி ஞாபகம் வரும்? முன்னே வருகிறவரைப் போலவே பின்னே வருகிறவரும் மனிதர்தாமே. பகல் விளக்கோடு பின் விளக்கும் சேர்ந்தே எரிய வேண்டும் என்று ஆதியிலேயே விதித்திருக்க வேண்டும். அதைச் செய்யாதது ஐரோப்பிய விதியின் பெரும் பிழை என்றே நான் சொல்வேன். இருட்டை உணர்ந்து தானே முகப்பு விளக்கைப் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு பல புதிய கார்களில் இருந்தாலும், பழைய கார்கள் இன்னும் பல வருஷம் ஓடத்தான் போகின்றன.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தயாராகும் இரு சக்கர வண்டிகளில், இஞ்சினைக் கிளப்பியதும் முகப்பு விளக்கு தானே எரிகிறது. அணைப்பதற்குச் சுவிட்சே கிடையாது. அதற்கு முன்னெல்லாம், பகலில் விளக்கெரிய வரும் மோட்டார் சைக்கிளைக் கண்டால் எதிரே வருகிறவர் கையை உயர்த்தி விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுவார். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர் ‘லைட் எரியுது, லைட் எரியுது’ என்று குரல் கொடுப்பார். பேட்டரி இறங்கிப் போய் முன்பின் தெரியாத ஒருவர் வழியில் தவிக்கக் கூடாதே என்ற தயாளத்தில் பிறந்த வழக்கம் அது. 2017க்குப் பிறகும் சில காலம் அந்த விரல்கள் விரிந்துகொண்டிருந்தன. இப்போது பெரும்பாலும் நின்றுவிட்டன. பகல் விளக்கு இயல்பானது என்பதைத் தமிழ்நாட்டு ஜனங்கள் பெரிய பிரசாரம் எதுவும் இல்லாமலே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இங்கும் விளக்கேற்றும் கடமை சிறிய வண்டியின் தலையில் விழுந்திருக்கிறது. அதன்மேல் மோதக்கூடிய பெரிய வண்டிக்கு அந்தக் கடமை இல்லை. அடிபடுகிறவர் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும், அடிப்பவர் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

நம் மாவட்டச் சாலைகளில் அகலப்படுத்தும் வேலையில் வெட்டுண்டு போகாமல் தப்பிய புளியமரங்கள் இரு பக்கமும் கைகோத்து நிற்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு அந்த நிழற்குகைக்குள்ளிருந்து சாயம் மங்கிய பஸ் ஒன்று வெளிவருவதையும், எதிரே சைக்கிளில் இரண்டு பள்ளிக்கூடத்துச் சிறுமிகள் பேசிக்கொண்டே வருவதையும் கண்டிருப்பவர்களுக்குப் பல்லாரோ சந்தின் நிழலைப் பற்றி நான் விவரிக்க வேண்டிய அவசியமே இல்லை. சிசிலி வெயிலில் பிரயோஜனப்படுவது தமிழ்நாட்டு வெயிலிலும் பிரயோஜனப்படும்.

பழைய வண்டிக்காரர்களை இதற்காக அபராதத்தால் வதைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனிதரின் ஞாபகசக்தியை நம்பி எழுதப்படும் சட்டம் போலீஸாருக்கு வசூலையும் ஜனங்களுக்கு எரிச்சலையும் தரும். இயந்திரத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டப்படும் சட்டம் சத்தமில்லாமல் உயிர்களைக் காக்கும். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இரு சக்கர வண்டிகளுக்குச் செய்ததையே, மிதமான ஒளியுள்ள பகல் விளக்காகவும், கூடவே எரியும் பின் விளக்காகவும், புதிய கார்களுக்கும் லாரிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் செய்யட்டும். மாநில அரசு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் பகலில் டிம் விளக்கோடு ஓட வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால் போதும். இத்தாலியச் சட்டசபை 152ஆம் பிரிவிலுள்ள ஊர் எல்லை வேறுபாட்டை எடுத்துவிட்டு, பகல் விளக்குள்ள கார்களேனும் நகருக்குள்ளும் அதை அணைக்காமல் ஓட வேண்டும் என்று மாற்றட்டும். பலெர்மோவில் காரோட்டும் தமிழ் அன்பர்கள் அந்தத் திருத்தம் வரும் வரை காத்திராமல், ஊர்ப் பலகையைத் தாண்டிய பிறகும் விளக்கை எரியவிட்டுச் செல்லுங்கள். சுரங்கத்தின் வாயை நெருங்கும்போது, முன்னால் வெளிச்சம் தெரிகிறதே என்று இருந்துவிடாமல், கையை நீட்டி டிம் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள்.